பதில்: ஹிப்போகாம்பஸ் துண்டில் தடுப்பு மின்னோட்டம் குறைந்தது ஏன்?

மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதித் துண்டில், கிளர்ச்சி தரும் குளூட்டமேட்டைப் பெறும் என்எம்டிஏ, ஆம்பா ஏற்பிகள் இரண்டையும் அடைத்த பிறகும், 100 ஹெர்ட்ஸ் தூண்டலுக்குப் பின் சிஏ1 உட்பகுதியின் பிரமிடு செல்லில் காபா (தடுப்பு வேதிப்பொருள்) தரும் மின்னோட்டம் குறைந்தே கிடக்கிறது என்கிறீர்கள். துண்டு கெட்டுப்போனதாக உடனே முடிவுகட்ட வேண்டாம். 2003இல் நரம்பியல் ஆய்வாளர்கள் செவலேரும் காஸ்டியோவும் காட்டிய நீடித்த தடுப்புத் தளர்வு, அதாவது தடுப்பு நீண்ட நேரம் குறைந்தே இருப்பது, இதுவாக இருக்கலாம்.

நீங்கள் அடைக்காத மெட்டபோட்ராபிக் குளூட்டமேட் ஏற்பிகள் (செல்லுக்குள் வேதிச் சமிக்ஞை வழியே வேலை செய்பவை) விழித்துக்கொள்கின்றன. பிரமிடு செல் 2-ஏஜி என்ற கொழுப்பு மூலக்கூறைத் தயாரித்துப் பின்னோக்கி அனுப்புகிறது. அது காபாவை வெளியிடும் இடைநரம்பணுவின் முனையிலுள்ள சிபி1 (கன்னாபினாய்டு) ஏற்பியில் ஒட்ட, காபா வெளியீடு குறைகிறது. எல்லா முனையிலும் இல்லை. முக்கியமாகக் கோலிசிஸ்டோகைனின் என்ற பெப்டைடு உள்ள இடைநரம்பணு வகையில். பார்வால்புமின் என்ற புரதம் உள்ள வகையில் சிபி1 கிடையாது.

சோதிக்க, சிபி1 ஏற்பியை அடைக்கும் ஏஎம்251 மருந்தைப் போடுங்கள், ஆனால் தூண்டலுக்கு முன்பே. தளர்வு நிலைத்தபின் போட்டால் மீளாது; சிபி1 தேவைப்படுவது முதல் சில நிமிடங்களுக்குத்தான். இரட்டைத் துடிப்பு விகிதம் (அடுத்தடுத்த இரு துடிப்புகளில் இரண்டாவதன் பதிலை முதலாவதன் பதிலால் வகுத்தது) கூடுகிறதா என்றும் பாருங்கள். கூடினால் மாற்றம் காபாவை அனுப்பும் பக்கத்தில்.

அப்புறம், நம்ம ஊர் மே மாதத்தில் ஏசி நின்றால் துண்டு கிடக்கும் தொட்டியின் வெப்பம் ஏறி மின்னோட்டமும் மாறும். 100 ஹெர்ட்ஸ் தூண்டல் கொடுக்காத இரண்டாவது நரம்பிழைப் பாதையையும் கூடவே பதிவு செய்யுங்கள். அதுவும் சரிந்தால் பிரச்சினை வேறு.