தில்லிக் குளிரில் உடலுக்கு எந்த மாய்ஸ்சரைசர்?

சென்னையில் போதுமானதாக இருந்த லோஷன், தில்லிக்குக் குடிவந்த பின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பயன் தரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். லோஷனில் நீரின் பங்கு மிகுதி என்பதால் அது கடற்கரை ஊரின் ஈரக்காற்றுக்குப் பொருந்தும். வறண்ட குளிர்காற்றோடு அறை ஹீட்டரும் சேர்ந்து தோலை உலர்த்திவிடும் இங்கே, எண்ணெய்ப்பசை கூடிய க்ரீமே ஏற்றது. கிளிசரின் ஈரத்தை ஈர்த்து வைக்கும், செராமைடு தோலின் மேலடுக்கைச் சீராக்கும், பெட்ரோலியம் ஜெல்லி ஈரம் வெளியேறாமல் மூடும். ஆகவே விளம்பர வாசகங்களை விட்டுவிட்டு, குப்பியின் பின்புறத்தில் இவற்றின் பெயர்களைத் தேடுங்கள். குதிகால் தடித்துச் சொரசொரப்பாக இருந்தால் யூரியா கலந்தது நல்லது, ஆனால் வெடிப்பில் பட்டால் எரியும். அரிப்பு உள்ளவர்கள் வாசனை சேர்க்காததையே வாங்க வேண்டும். எதுவானாலும், வெந்நீர்க் குளியலைச் சுருக்கிக்கொண்டு, துவட்டிய உடனே, தோலில் ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். குளிர்காலம் முடிந்து வெயில் ஏறியதும் மீண்டும் லோஷனுக்கு மாறலாம்.