12 வயதுப் பெண்ணுக்குப் புற்றுநோய்த் தடுப்பூசி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை இப்போதே போட்டுவிடலாம் என்கிறார் குழந்தை மருத்துவர். ‘தாம்பத்தியத்தால் பரவும் கிருமிக்கு, இந்தச் சின்னப் பெண்ணுக்கு எதற்கு ஊசி?’ என்று கேட்கிறார் மாமியார். பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் கணவர் காட்டுகிறார். நான் என்ன செய்ய?

பதில்: கிருமி பரவும் விதம் பற்றி உங்கள் மாமியார் சொன்னது சரி. ஆனால் அதையே காரணமாக வைத்துத்தான் நாங்கள் ஊசியை இந்த வயதில் போடச் சொல்கிறோம். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்தான் எச்.பி.வி. உடலுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட எச்.பி.வி.யை இந்த ஊசி விரட்டாது. வருமுன் காக்கத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனமும் 9 முதல் 14 வயது வரையுள்ள பெண்களுக்கே முன்னுரிமை தரச் சொல்கிறது.

இதில் ஒழுக்கத்தைக் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டாம். எச்.பி.வி. மிகச் சாதாரணமான கிருமி. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றி, தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறுகிறது. ஒருவரையே மணந்து, அவரோடு மட்டுமே வாழும் பெண்ணுக்கும் கணவரிடமிருந்து இது வரலாம். மாமியாரிடம் இதை நீங்களே சொல்வதைவிட மருத்துவரைச் சொல்லவைப்பது நல்லது!

அடுத்தது உங்கள் கணவரின் பயம். இந்த ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. உள்ளே மரபணு கிடையாது, அதனால் அது பெருகவும் முடியாது, நோயைத் தரவும் முடியாது. மலட்டுத்தன்மை ஏற்படும் என்பதற்கு ஆதாரமே இல்லை. உண்மையில் தாய்மையைப் பறிப்பது அந்தப் புற்றுநோய்தான்: கருப்பையை அகற்ற நேரிடும், கதிர்வீச்சு கொடுத்தால் சினைப்பைகளும் செயலிழந்துபோகும். புற்றாக மாறுவதற்கு முந்தைய கட்டத்திலேயே கண்டுபிடித்துக் கருப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால்கூட, பின்னால் குறைப்பிரசவ ஆபத்து கூடுகிறது.

வதந்தி என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். ஊசிக்குப் பிறகு உடல்வலி, நடுக்கம் என்று சில பெண்களைப் பற்றிச் செய்திகள் பரவியதும், 2013இல் அரசு இதைப் பரிந்துரைப்பதையே நிறுத்திக்கொண்டது. 70 சதவீதம் அளவுக்கு இருந்த தடுப்பூசி விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் விசாரித்துப் பார்த்ததில், அந்த உபாதைகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. 2022இல்தான் பரிந்துரை திரும்ப வந்தது. இடையில் ஊசியைத் தவறவிட்ட பெண்களுக்காகத் தனித் திட்டமே போட வேண்டியிருந்தது. மறுபக்கம் ஸ்காட்லாந்து: 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்படவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஊசி போட்டாலும் உரிய வயதில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளவே வேண்டும். எல்லா வகை எச்.பி.வி.யையும் இது தடுக்காது. எத்தனை தவணை என்பதை மகளின் வயதையும் எதிர்ப்பாற்றலையும் பார்த்து மருத்துவர் சொல்வார். எந்த ஊசிக்காவது முன்பு கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மகளிடம் ‘புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி’ என்று சொன்னால் இப்போதைக்குப் போதும். வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் எந்த ஊசிக்கும் மயங்கி விழுவதுண்டு. போட்டதும் 15 நிமிடம் அங்கேயே உட்காரவைத்திருங்கள். ஓரிரு நாள் கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம்.