நேஷனல்ஸ் சான்றிதழுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் விவசாயக் குடும்பம். மகன் பிளஸ் டூ. பள்ளி ஹேண்ட்பால் அணியில் ரைட் பேக் (பின்வரிசையில் வலது பக்கம் நின்று எறிபவன்), இடது கைக்காரன். மாவட்டப் போட்டி வரை ஆடியிருக்கிறான். மதுரையில் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். வடமாநில அணி ஒன்றில் சேர்த்து ஜூனியர் நேஷனல்ஸ் (இளையோர் தேசியப் போட்டி) சான்றிதழ் வாங்கித் தருவாராம், அதை வைத்து ரயில்வே வேலை நிச்சயமாம். அது சரிவராவிட்டால் துபாய் கிளப்பாம். நிலத்தை ஒத்திக்கு வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். அவர் விற்பது வேலையை இல்லை, ஒரு காகிதத்தை. அந்தக் காகிதம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்துகொண்டால் பேரம் பேசக்கூட உங்களுக்கு மனசு வராது.

மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஹேண்ட்பால் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மைதானத்தில் மெடலோடு கொடுக்கும் பளபளப்பான சான்றிதழ் மட்டும் போதாது. தனியாகப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, தேசிய சம்மேளனச் செயலாளர் கையெழுத்து. மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து. பல்கலைக்கழக அணிக்குப் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்து. தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4, கல்வித் துறை உயர் அதிகாரி கையெழுத்து. 'அகில இந்திய அழைப்புப் போட்டி', 'இந்தோ - நேபாளப் போட்டி' என்று கொடுப்பதெல்லாம் வீட்டுச் சுவரில் மாட்டத்தான். பேருந்து வைத்து நேபாளம் கூட்டிப் போய்க் கோப்பையும் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கோப்பைக்கு எந்தப் படிவமும் கிடையாது.

வேறு மாநிலத்துக்கு ஆட வைப்பது இதைவிட மோசம். வேலை கிடைத்த பிறகும் சான்றிதழைச் சரிபார்க்க எழுதுவார்கள். பள்ளிச் சான்றிதழ் மேலூரில், ஆடியது வடக்கே என்றால் கேள்வி வரும். அணியின் நுழைவுப் படிவத்தில் தம்பி பெயர் இருந்ததா, ஸ்கோர் ஷீட்டில் எந்த ஜெர்சி எண்ணில் ஆடினான் என்று கேட்டால் அந்த மனிதர் போனை எடுக்க மாட்டார். வேலையும் போகும், வழக்கும் வரும், அதுவும் புரோக்கர் பெயரில் இல்லை, தம்பி பெயரில்.

அடுத்து ரயில்வே. அங்கே கலந்துகொண்ட சான்றிதழ் மட்டும் பத்தாது, அணி எத்தனையாவது இடம் பிடித்தது என்றுதான் பார்க்கிறார்கள். பெரும்பாலான பதவிகளுக்கு முதல் மூன்று இடத்துக்குள் இருக்க வேண்டும், கடைநிலைப் பதவிக்கு மட்டும் எட்டாம் இடம் வரை இறங்குவார்கள். அதுவும் நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளும்தான் கணக்கு. பிளஸ் டூவில் வாங்கியதைப் பட்டம் முடித்த பிறகு நீட்டினால் காலாவதியாகியிருக்கும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் சாதனைக்கு 50, டிரையல்ஸுக்கு (ஆட வைத்துப் பார்க்கும் தேர்வு) 40, படிப்புக்கு 10. டிரையல்ஸில் 40-க்கு 25 எடுக்காவிட்டால் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த 25-ஐ எந்தப் புரோக்கரும் வாங்கித் தர முடியாது, பந்தை எறிபவன் தம்பி. வயது 18 முதல் 25 வரை, யாருக்கும் தளர்வில்லை. எல்லா அறிவிப்பிலும் ஹேண்ட்பால் இருக்காது, முதலில் அதைப் பாருங்கள். தமிழ்நாடு காவல் துறைத் தேர்விலும் விளையாட்டுக்கு 10 சதவீதம் உண்டு. ஆனால் அங்கே படிவங்களின் விதி வேறு, அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

அப்படியானால் வழி? கல்லூரி. தேசிய அளவில் யார் உண்மையான ஹேண்ட்பால் சம்மேளனம் என்ற சண்டை நீதிமன்றம் வரை போன நாடு இது. பெரியவர்கள் நாற்காலிக்கு மோதிக்கொள்ள, பையன்கள் கையில் இருக்கும் சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்று அலைகிறார்கள். கேட்க நாதியில்லை. படிவம் 3-க்கு அந்தச் சங்கங்களின் தயவு தேவையில்லை, பல்கலைக்கழகமே கொடுக்கிறது. காமராசர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் முதலில் தென்மண்டலப் போட்டி, அதில் முன்னிலை பெற்றால் அகில இந்தியப் போட்டி. வயது 17 முதல் 25 வரை. ரயில்வே வயது வரம்பும் அங்கேயே முடிவதால், கல்லூரியில் சேரும் நாளிலிருந்து 25 வயது வரைதான் தம்பிக்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணமே கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, இதில் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாவட்ட, மாநில அணிக்குத் தேர்வான பையனிடமே ரயில் கட்டணம், ஜெர்சி, பதிவுக் கட்டணம் என்று வசூலிப்பது பல இடங்களில் நடக்கிறது. ஒரு மாநிலத்துக்காக ஆடப் போகிறவன் தன் சொந்தக் காசில் ஸ்லீப்பர் டிக்கெட் எடுப்பது வெட்கக்கேடுதான், ஆனால் மோசடி இல்லை. வித்தியாசம் எளிது. தேர்வு முடிந்து, பட்டியல் வெளியாகி, அதன் பிறகு கேட்டால் செலவு. தேர்வுக்கு முன்பே கேட்டால் லஞ்சம். செலவு என்றால் சில ஆயிரங்களில் முடியும், ரசீது தருவார்கள், டிக்கெட் தம்பி பெயரில் இருக்கும். ரசீது கேட்டதும் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது, போட்டியின் சுற்றறிக்கையைக் காட்டி நேரில் கேளுங்கள்.

துபாய் கதைக்கு வருவோம். ஹேண்ட்பாலில் சம்பளம் கொடுக்கும் பெரிய லீக்குகள் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், டென்மார்க்கில் இருக்கின்றன, வளைகுடாவில் கத்தாரிலும் குவைத்திலும் கிளப்புகள் உண்டு. அங்கே முறையாகப் பதிவு செய்து ஆட இந்தியச் சம்மேளனத்திலிருந்து சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் போக வேண்டும். மாவட்ட அளவில் ஆடிய பையனைத் தேடி எந்த கிளப்பும் வராது. விசிட் விசாவில் 'டிரையல்ஸ்' என்று கூட்டிப் போனால் குடோனில் மூட்டை தூக்கத்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் கேட்பதே குற்றம். பதிவு எண் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தெரியும். உள்நாட்டில் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் 2023 ஜூனில் ஜெய்ப்பூரில் ஆறு அணிகளோடு நடந்தது. தமிழ்நாட்டுக்கு அணி இல்லை. அதை நம்பிக் குடும்பக் கணக்குப் போடாதீர்கள்.

தம்பியிடம் உண்மையிலேயே விலை போகும் சரக்கு ஒன்று இருக்கிறது. வலது பக்கம் நிற்கும் இடது கைக்காரனுக்கு எறியும் கை மைதானத்தின் நடுவைப் பார்த்து இருக்கும், கோல் அகலமாகத் தெரியும். வலது கைக்காரன் அங்கே நின்றால் கை ஓரக்கோட்டுப் பக்கம் போய்க் கோணம் சுருங்கிவிடும். அதனால் எல்லாக் கல்லூரி அணிக்கும் இடது கை ரைட் பேக் பஞ்சம். இந்த வருடம் கோலுக்கு ஒன்பது மீட்டர் தூரத்திலிருந்து குதித்து எறிவதை மெருகேற்றட்டும். மண் தரையில் பழகியவன் மர, சிந்தெடிக் தரைக்குப் போனதும் ஷூ பிடித்து நின்றுவிடும், உடம்பு திரும்பும், முட்டி ஜவ்வு கிழியும். ஒற்றைக் காலில் இறங்காமல் இரண்டு காலில் முட்டி மடக்கி இறங்கப் பழக வேண்டும், உள்ளரங்குக்கென்று கம் சோல் (ரப்பர் அடிப்பாகம்) ஷூ தனியாக வேண்டும். ஒன்றரை லட்சத்தில் இரண்டாயிரம் மூவாயிரத்தை மட்டும் இதற்கு எடுங்கள்.

ரிசல்ட் வந்ததும் கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டு டிரையல்ஸ் தொடங்கிவிடும். விண்ணப்பம் வாங்கும்போதே உடற்கல்வி இயக்குநரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கல்லூரி ஹேண்ட்பால் அணி போன வருடம் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடியதா? அதிலிருந்து எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போனார்கள்? இப்போது ரைட் பேக்கில் யார் ஆடுகிறார், அவர் எந்த வருடம் படிக்கிறார்? இறுதியாண்டு என்று பதில் வந்தால் அந்த இடம் காலியாகப் போகிறது, அங்கேயே சேருங்கள்.