முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அனுப்பிய நன்கொடை திரும்பி வந்தது ஏன்?

அமெரிக்காவிலிருந்து நீங்கள் அனுப்பிய கல்வி உதவித்தொகைப் பணத்தை உங்கள் கல்லூரிச் சங்கத்தின் வங்கி திருப்பி அனுப்பியதற்கு, பெரும்பாலும் உங்கள் குடியுரிமையே காரணமாக இருக்கும். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. அவர் தரும் பணத்தைப் பெறுவதற்குச் சங்கம் மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சங்கம் வைத்திருக்கும் 80ஜி சான்றிதழ், நன்கொடை தருபவரின் வருமான வரிச் சலுகைக்கு மட்டுமே உதவும். அதையே இந்த அனுமதியாக எண்ணிக்கொள்ளும் சங்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செயலாளரிடம் பதிவு எண்ணையும் அது காலாவதியாகும் தேதியையும் கேளுங்கள்; பதிவு 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பதிவு நடப்பில் இருந்தால், நீங்கள் பணம் அனுப்பிய கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். சங்கத்தின் கடிதத்தாளில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உள்ளூர்க் கிளைக் கணக்கு. அதைப் பார்த்து அனுப்பினால் பணம் திரும்பத்தான் செய்யும்.

நீங்கள் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டே வைத்திருந்தால் நிலைமை வேறு: சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது, கடவுச்சீட்டு நகலைச் சங்கத்திடம் கொடுத்து வையுங்கள். குடியுரிமை மாறியிருந்தால், ஊரிலுள்ள உறவினர் கணக்குக்கு அனுப்பி அவர் பெயரில் கொடுக்கச் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். சிக்கல் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவரும் சங்கத்தினருமே.