வாசகர் கேள்வி: ரேடியோ லோட்டஸும் அம்மாவின் நோட்டுப் புத்தகமும்

கேள்வி: இன்று 'லோட்டஸ் எஃப்.எம்.' என்று கேட்கிறோமே, அந்த வானொலி எப்போது தொடங்கியது? அதற்கு முன் டர்பனில் தமிழ்ப் பாட்டுக் கேட்க என்ன வழி இருந்தது?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் ஒருவர்)

பதில்: 1983 ஜனவரி 8, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் அன்றுதான் 'ரேடியோ லோட்டஸ்' என்ற பெயரில் அதைத் தொடங்கியது. எனக்கு அப்போது பதினாறு வயது. டர்பனில் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் நகராட்சி கட்டிக்கொடுத்த, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு எங்களுடையது. சமையலறை ஜன்னல் விளிம்பில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ரேடியோப் பெட்டி இருக்கும்.

அதற்கு முன் பாட்டு என்பது அரிய பொருள். 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவின்மீது வாணிபத் தடை விதித்தது. நிறவெறிக்கு எதிராக முதலில் அப்படிச் செய்த நாடு என்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் சென்னையில் அழுத்திய இசைத்தட்டு நேர்வழியில் டர்பன் கடைக்கு வராது என்பதும் அதனால்தான். பம்பாய்க்கும் டர்பனுக்கும் ஓடிய கரஞ்சா, கம்பாலா கப்பல்களில் ஊருக்குப் போய்வந்தவர்கள் பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த தட்டுகள்தான் எங்கள் தெருவில் சுற்றின. ஒரே தட்டு எட்டு வீடு போய்த் திரும்பும்போது பாட்டைவிடக் கீறல் அதிகமாகக் கேட்கும். என் பாட்டி, நாங்கள் ஆயா என்போம், மேகசின் பேரக்ஸில் வளர்ந்தவர். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு அது. தமிழரும் தெலுங்கரும் நிறைந்த இடம். அங்கே விடிய விடிய நடந்த ஆறடிக் கூத்து என்ற தெருக்கூத்தின் பாட்டுகள் அவருக்கு மனப்பாடம். 1960களில் அந்தக் குடியிருப்பைக் காலிசெய்து மக்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். கூத்துப் போட இடம் போயிற்று. வானொலியில் இந்திய நிகழ்ச்சிக்கு வார இறுதியில் கிடைத்ததோ சிறிது நேரம்தான்.

ஆகவே நாள் முழுவதும் நம் பாட்டு என்றதும் தெருவே மகிழ்ந்தது. என் அப்பா மட்டும் மகிழவில்லை. அது எந்த ஆண்டு என்று பாருங்கள். வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என நாடாளுமன்றத்தில் மூன்று அவைகள், பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஒன்றுமில்லை என்ற புதிய அரசியலமைப்பை அரசு அந்த 1983இல்தான் கொண்டுவந்தது. "தனிப் பள்ளி, தனிக் கடற்கரை கொடுத்தவன்தான் தனி ரேடியோவும் கொடுக்கிறான்" என்றார் அப்பா. ஆயாவோ, "பாட்டு என்ன பாவம் செய்தது, தம்பி?" என்று கேட்டார். அப்பா வீட்டில் இருக்கும் நேரம் பெட்டி மௌனமாக இருக்கும். அவர் வேலைக்குக் கிளம்பிய பத்தாவது நிமிடம் பாடத் தொடங்கிவிடும்.

அப்பா சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். 1984 ஆகஸ்டில் இந்தியர் அவைக்குத் தேர்தல் வந்தபோது நம்மவரில் பெரும்பாலோர் வாக்களிக்கப் போகவில்லை. அந்த நாட்களிலும் எங்கள் வீட்டு ஜன்னலில் பாட்டு கேட்டது. கொடுத்தவனின் நோக்கம் வேறு, பெற்றவர்கள் அதை வைத்துக்கொண்டு செய்தது வேறு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். டர்பனில் ஒலிபரப்புக் கழகக் கட்டடம் இருக்கும் சாலை முன்பு ஓல்ட் ஃபோர்ட் ரோடு, இன்று கே.இ. மசிங்கா சாலை. 1941இல் வானொலியில் ஜூலு மொழி அறிவிப்பாளராக முதன்முதலில் ஒலித்த குரல் அவருடையது. அந்த வாசலில் நம் மொழி மட்டுமே காத்து நிற்கவில்லை.

கேள்வி: எங்கள் வீடு சரிவின் அடியில் இருக்கிறது. பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம். என்ன செய்யலாம்?
(வெருலம் வாசகி ஒருவர்)

பதில்: பண்பலை நேர்கோட்டில் போகும் அலை, குன்று குறுக்கே நின்றால் தேய்ந்துவிடும். பெட்டியை மேட்டுப் பக்க ஜன்னலுக்கு மாற்றுங்கள். டர்பனில் லோட்டஸ் 87.7 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, அந்த அலையின் நீளத்தில் கால் பங்கு சுமார் 85 சென்டிமீட்டர். ஏரியல் கம்பியை அந்த நீளத்துக்கு இழுத்து நேராக நிறுத்திப் பாருங்கள். கம்பி உடைந்திருந்தால் அதே நீளத்தில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றினாலும் போதும். எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது.

கேள்வி: என் பேரனுக்குத் தமிழ் பேச வராது. அறிவிப்பாளரும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுகிறார். வெறும் பாட்டைக் கேட்பதால் என்ன பயன்?
(டொங்காட் வாசகி ஒருவர்)

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, அக்கா. கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பில் தமிழ் சொல்லித்தருகிறேன், நாள்தோறும் பார்ப்பதுதான். ஆனால் 'வெறும் பாட்டு' என்று சொல்லாதீர்கள்.

அம்மா தையல் ஆலையில் வேலை செய்தார். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. இரவு பாத்திரம் துலக்கி முடித்ததும் மென்மையான பழைய பாடல்கள் வரும் நேரம் பார்த்து, நீல அட்டை நோட்டுப் புத்தகத்தோடு ரேடியோவின் முன் உட்காருவார். கேட்ட வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதுவார். பாட்டு முந்திக்கொண்டு போய்விடும். விட்ட இடத்தில் கோடு போட்டு வைத்து, அதே பாட்டு மறுபடி வரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார். அந்த நோட்டு இன்று என்னிடம் இருக்கிறது. பக்க ஓரங்களில் எண்ணெய் விரல் பதிந்திருக்கிறது. புரியாத சொல்லின் கீழே பென்சிலால் கேள்விக்குறி.

எங்கள் வீட்டுத் தமிழில் அடுப்பு, கூழ், சாமி, கல்யாணம், திட்டு எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. 'தென்றல்' இல்லை. ஆயாவைக் கேட்டால், யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று இத்தனை நாள் நினைத்ததாகச் சொன்னார். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்தான் தெற்கிலிருந்து வரும் இளங்காற்று என்று விளக்கினார். அம்மா நம்பவே இல்லை. டர்பனில் தெற்குப் பக்கமிருந்து வரும் காற்று குளிரையும் மழையையும் இழுத்துக்கொண்டு வரும். கொடியில் காயும் துணியை ஓடிப்போய் எடுக்கவேண்டும். வெயில் நாளில் இதமாக வீசுவது வடகிழக்குக் கடற்காற்று. கடைசியில் அந்தக் காற்றுக்கே தென்றல் என்று பெயர் வைத்துவிட்டார்.

பேரனோடு நீங்களும் உட்காருங்கள். ஒரு பாட்டில் ஒரு சொல்லை மட்டும் பிடித்து அவனிடம் கேளுங்கள். உங்களுக்கும் தெரியாத சொல் என்றால் எனக்கு எழுதுங்கள். என் பிள்ளைகள் இன்றும் வடகிழக்குக் காற்று வீசினால், "தென்றல் வருகிறது, ஜன்னலைத் திற" என்றுதான் சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை.