மலை ஸ்டேஜ்: ஏத்தத்துக் கணக்கு (கேள்வி பதில்)

பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளுக்குள் நுழைந்து, மலை ஸ்டேஜ்கள் (ஸ்டேஜ் என்றால் ஒரு நாள் ஓட்டம்) வந்துவிட்டால் போதும், மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து சைக்கிள் குழுக்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கேள்விகள் குவியும். அப்படி வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் கீழே, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

திருநகர்: அண்ணே, ஆல்ப் டூயஸ் வெறும் 14 கிலோமீட்டர்தானாம். நம்ம வத்தலக்குண்டு - கொடைக்கானல் ரோடு 50-க்கு மேல. அப்ப நம்ம ரோடுதானே கஷ்டம்?

நீளத்தை விடுங்க தம்பி, சரிவைப் பாருங்க. ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஆல்ப் டூயஸ் ஏத்தம் 13.8 கி.மீ., 21 கொண்டை ஊசி வளைவு, சராசரி சரிவு 8.1 சதவீதம். அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் மேலே. கொடைக்கானல் 2,100 மீட்டர் சொச்சம், வத்தலக்குண்டு 300 சொச்சம். இடையில் உள்ள 1,800 மீட்டரை 50 கிலோமீட்டருக்குப் பங்கு போட்டால் மூன்றரை சதவீதம்தான் வருகிறது. பஸ்ஸும் லாரியும் மூச்சு முட்டாமல் ஏறுவதற்குப் போட்ட ரோடு அது. உங்களுக்கும் எனக்கும் பெண்டு நிமிரும், சரி. ஆனால் தொழில்முறைப் பந்தயத்தில் அந்த ரோட்டில் யாரும் யாரையும் உதறிவிட முடியாது, ஐம்பது பேர் கூட்டமாகவே மேலே போய்ச் சேருவார்கள்.

ஒரு எச்சரிக்கை: சராசரியை மட்டும் நம்பக் கூடாது. நடுவில் ஒரு கிலோமீட்டர் சமதளமோ இறக்கமோ இருந்தால் சராசரி குறைந்துவிடும், மிச்ச இடத்தில் பத்து சதவீதம் ஒளிந்திருக்கும். கிலோமீட்டர் வாரியாகத்தான் பார்க்க வேண்டும்.

கே.கே.நகர்: ஏத்தத்துல வேகமே இல்ல. அப்புறம் ஏன் ஒருத்தர் பின்சக்கரத்தை இன்னொருத்தர் ஒட்டிக்கிட்டே போறாங்க?

வேகம் இல்லை என்று யார் சொன்னது? 8 சதவீத ஏத்தத்தில் அவர்கள் 20 கி.மீ. வேகத்தில் போகிறார்கள். 67 கிலோ ஆள், 8 கிலோ வண்டி, தண்ணி எல்லாம் சேர்த்து 75 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 390 வாட் வேண்டும். அதில் எடையை மேலே தூக்கவே 330 போய்விடும், காற்றைக் கிழிக்க 33 வாட் அளவு. பின்னால் ஒட்டினால் அந்த 33-ல் பத்து வாட் மிஞ்சலாம். அற்பம் மாதிரித் தெரியும், ஆனால் உச்ச வரம்பிலேயே நாற்பது நிமிடம் ஓட்டுகிறவனுக்குப் பத்து வாட் என்பது தாக்குப்பிடிப்பதற்கும் கழன்றுவிடுவதற்கும் நடுவே உள்ள கோடு.

இதே ஆள் கொடைக்கானல் ரோட்டில் 28 கி.மீ. வேகத்தில் போனால் கணக்கே மாறும். மொத்தம் 315 வாட்டில் 90 காற்றுக்கே போய்விடும். கூட்டம் உடையாது என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். முன்னால் இழுக்கிறவன் கூலி வேலை பார்க்கிறான், பின்னால் வருகிறவன் சவாரி செய்கிறான்.

உசிலம்பட்டி: என் மகன் பதினாறு வயசு, கியர் சைக்கிள்ல சிறுமலை ஏறப் போறான். வந்து முட்டி வலிக்குதுங்கிறான். வேற சைக்கிள் வாங்கணுமா?

சைக்கிளை மாத்த வேண்டாம்மா, முதலில் பின்பக்கப் பல்சக்கரம், அதான் கேசட், அதன் பெரிய பல்லை எண்ணிப் பாருங்க. முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரம், அதான் செயின்ரிங், அதில் சின்னது 34 பல், பின்னால் பெரியது 25 என்றால், 65 கிலோ ஆள் 195 வாட்டில் மிதித்து 8 சதவீதம் ஏறும்போது மணிக்கு 10.7 கி.மீ. போவான், நிமிடத்துக்கு 62 மிதி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். வளைவின் உள்பக்கம் 12 சதவீதம் வந்தால் அதே பலத்துக்கு வேகம் ஏழரைக்கு விழும், மிதி 43-44 ஆகும். அப்போது ஒவ்வொரு மிதியிலும் முட்டியில்தான் பாரம் இறங்குகிறது. பின்னால் 34 பல் கேசட் போட்டால் 8 சதவீதத்தில் 85 மிதி, 12-லும் 59. வலி பெரும்பாலும் இதிலேயே குறையும். குறையவில்லை என்றால் சீட் உயரத்தைப் பாருங்க. தாழ்ந்த சீட்டும் முட்டியின் முன்பக்கத்தைத்தான் கடிக்கும்.

மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்க. பின் டெரெய்லர், அதாவது செயினைப் பல் மாற்றித் தள்ளும் கருவி, 34 பல்லைத் தாங்குமா? அதில் செயின் ஓடும் கூண்டு குட்டையாக இருந்தால் 28 அல்லது 30-தான் வரம்பு. அடுத்து, பழைய செயின் நீளம் போதுமா? போதாமல் முன்னால் பெரிசு, பின்னால் பெரிசு என்று மாத்தினால் செயின் விறைத்து டெரெய்லரைப் பிய்த்து ஸ்போக்குக்குள் தள்ளும். பையனிடம் ஒன்று: வளைவுக்குள் போனபின் கியர் மாத்தக் கூடாது. பத்து மீட்டர் முன்னாலேயே, அரைச் சுற்று அழுத்தத்தைத் தளர்த்தி மாத்தணும்.

இதில் வெட்கம் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் தொழில்முறை ஆட்களே மலை ஸ்டேஜுக்குப் பின்னால் 34 பல் போடுகிறார்கள்.

ஒத்தக்கடை: சார், ஒரு லட்சத்துக்குக் கார்பன் சக்கரம், 400 கிராம் குறையுமாம். வாங்கலாமா?

ஆல்ப் டூயஸ் அளவு ஏத்தத்தை 40 நிமிடத்தில் ஏறுகிறவருக்கு ஒரு கிலோவின் விலை அரை நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. 400 கிராமுக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி. பந்தயத்தில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ.யின் விதியே இருக்கிறது. மேலே தண்ணி கிடைக்கும் மலை என்றால் இரண்டாவது 750 மில்லி பாட்டிலை விட்டுவிட்டுப் போங்க, காசில்லாமல் முக்கால் கிலோ குறையும்.

அனுப்பானடி: அண்ணே, பாதி மலையில கண்ணு இருட்டி, கை நடுங்கி உக்காந்துட்டேன். காலையில நாலு இட்லி சாப்பிட்டுத்தான் போனேன்.

இட்லி மேல் குற்றமில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகவில்லை, அதுதான். உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை கடும் ஓட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் காணும். தொழில்முறை ஆட்கள் மலை ஸ்டேஜில் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து எடுக்கிறார்கள். நமக்கு 60 போதும்.

விலை உயர்ந்த ஜெல் வேண்டாம். 750 மில்லி பாட்டிலில் 60 கிராம் சாதா சீனி, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இது 8 சதவீதக் கரைசல். இதைவிடக் கெட்டியானால் வயிற்றிலேயே தங்கிப் புரட்டும். சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். இரண்டையும் குடல் தனித்தனி வழியில் உறிஞ்சுவதால் வெறும் குளுக்கோஸைவிட அதிகம் ஏறும். ஒரு பாட்டில், ஒரு மணி நேரம். கூட வாழைப்பழம் வைத்துக்கொள்ளலாம், நடுத்தரப் பழம் ஒன்றில் 25 கிராம் வரும். சிறுமலைப் பழம் சின்னது, இரண்டாகக் கணக்குப் போடுங்க. கடலை மிட்டாயை ஏறும்போது தொடாதீங்க. கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும், அதோடு மூச்சு வாங்கும்போது மென்றால் புரையேறும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் ஜாஸ்தி. நம்ம ஊர் வெயிலில் வியர்வையோடு போவது சோடியம். அந்த உப்பை இளநீர் ஈடு கட்டாது.

முக்கியமாக, பசித்த பிறகு சாப்பிடக் கூடாது. கிளம்பிய இருபதாவது நிமிடத்திலேயே, அடிவாரம் வருமுன் சமதளத்திலேயே ஆரம்பிக்கணும்.

தேனி: ஸ்பிரிண்டர்கள் கடைசியில கூட்டமா பேசிக்கிட்டே வர்றாங்க. ஜெயிக்கப் போறதில்ல, ஏன் இறங்கிப் போகாம வர்றாங்க?

ஸ்பிரிண்டர்கள் சமதள ஸ்டேஜின் முடிவில் பாய்ந்து ஜெயிக்கிறவர்கள், மலையில் பின்தங்குவார்கள். ஆனாலும் நேர வரம்புக்குள் வந்தால்தான் மறுநாள் ஓட முடியும். ஜெயித்தவரின் நேரத்துக்கு மேல், அதில் குறிப்பிட்ட சதவீதம்தான் வரம்பு. அது ஸ்டேஜின் கடுமைக்கும் ஜெயித்தவரின் வேகத்துக்கும் ஏற்ப மாறும். ஐந்து மணி நேர ஸ்டேஜ், 12 சதவீதம் என்றால் 36 நிமிடம். அந்தக் கூட்டத்துக்கு குருப்பெத்தோ என்று பெயர். பேச்சு கேட்கிறது என்று ஏமாறாதீங்க, உள்ளே ஒருவர் விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். ஏத்தத்தில் சீராக, இறக்கத்திலும் பள்ளத்தாக்கிலும் வெறியோடு, இதுதான் அவர்கள் வழி. 2011-ல் ஆல்ப்ஸின் காலிபியே உச்சியில் முடிந்த ஸ்டேஜில் 88 பேர் வரம்பைத் தாண்டினார்கள். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினால் பந்தயமே நடக்காது என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பச்சைச் சட்டைக்கு, அதாவது புள்ளிப் பட்டியலில், முன்னணியில் இருந்த ஸ்பிரிண்டர் கேவண்டிஷுக்கு 20 புள்ளி வெட்டு. கூட்டமாக வருவதன் இன்னொரு லாபம் புரிகிறதா?

மேலூர்: 2022-ல் போகாச்சர் ஏன் திடீர்னு உக்காந்துட்டார்?

திடீரென்று இல்லை. மஞ்சள் சட்டையோடு, அதாவது மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருந்த போகாச்சர், கோல் து கிரனோன் ஏத்தத்தின் கடைசி ஐந்து கிலோமீட்டரில் உடைந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வேலை நடந்தது அதற்கு வெகு முன்னால், காலிபியே பக்கத்தில். எதிரணியான யும்போ விஸ்மாவில் ரோக்லிச்சும் விங்கெகோவும் மாத்தி மாத்தித் தாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் போகாச்சர் தானே எழுந்து பதில் சொன்னார். ரோக்லிச் தாக்கினால் விங்கெகோவுக்கு ஓய்வு, போகாச்சருக்கு அது கிடையாது. காலிபியே 2,642 மீட்டர், கிரனோன் 2,413. அந்த உயரத்தில் காற்று மெலிவதால் ஒருமுறை வரம்பு மீறி மூச்சிரைத்தால் மீள நேரமாகும். அன்றைக்கு 2 நிமிடம் 51 விநாடி போனது, மஞ்சள் சட்டையும் போனது.

போடி: போடிமெட்டில இருந்து இறங்கும்போது ட்யூப் வெடிச்சிருச்சு. ஆணி எதுவும் இல்ல.

ரிம் பிரேக், அதாவது சக்கர விளிம்பையே கட்டை கவ்விப் பிடிக்கும் வண்டியா? அப்படியானால் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கியிருப்பீங்க. ரிம் சூடேறி, உள்ளே காற்று விரிந்து, ட்யூபும் இளகி வெடிக்கும். வளைவுக்கு முன் நிமிர்ந்த நிலையில் முன்னும் பின்னும் சேர்த்துக் கொஞ்ச நேரம் மட்டும், பலமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடணும். நேர் ரோட்டில் ரிம் ஆறும். டிஸ்க் பிரேக்கிலும் இதே பழக்கம்தான்.

மத்தியான இறக்கம் வேண்டாம். 2003 டூரில் பிரான்ஸின் காப் நகருக்கு இறங்கும்போது வெயிலில் உருகிய தாரில் சக்கரம் வழுக்கி பெலோகி என்ற வீரர் விழுந்தார், தொடை எலும்பு முறிந்தது. நம்ம ஊர் வெயிலிலும் தார் இளகும். ஃப்ரேம் குழாய் மேல் உட்கார்ந்து இறங்கும் பாணியை 2021-லேயே பந்தயத்தில் தடை செய்துவிட்டார்கள். அதை காட் ரோட்டில் செய்து பார்க்கிறவர்கள், எதிரே ஹாரன் அடிக்காமல் வரும் ஜீப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

வாடிப்பட்டி: சிவப்புப் புள்ளிச் சட்டை யாருக்கு?

மலை உச்சிகளில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு. ஏத்தங்களைக் கடுமைப்படி வகை பிரிப்பார்கள். எல்லாவற்றிலும் கடினமான ஹெச்.சி. உச்சியில் முதல் ஆளுக்கு 20, முதல் வகையில் 10, இரண்டாம் வகையில் 5, மூன்றில் 2, நாலாம் வகையில் 1.