விட்டுக்கொடுக்காத தாய்

கேள்வி: எங்கள் தெருவில் எழுபது வயது கடந்த அம்மா ஒருவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் வீட்டை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது அதே வீட்டின் பின்கட்டில் தனியாக இருக்கிறார். திருப்பூரில் இருக்கும் மகன் முன்கட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தையும் தானே வாங்கிக்கொள்கிறார். புகார் கொடுக்கலாம் என்றால், "அவனே கஷ்டத்துல இருக்கான்" என்கிறார் அம்மா. நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இத்தகையவர்கள் காலத்தை ஓட்டும் விதம் எளிதில் வெளியே தெரியாது. காலையில் வடித்த சோற்றில் நீரூற்றி இரவு வரை வைத்துக்கொள்வார்கள். இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கி, ஒரு மாதத்துக்கு உரியதை இரண்டு மாதத்துக்கு இழுப்பார்கள். சாப்பிட்டாயிற்றா என்று நாம் கேட்டு முடிப்பதற்குள் ஆயிற்று என்பார்கள். மகனை விட்டுக்கொடுக்காமல் பேசுவதும் இந்தச் சமாளிப்பில் சேர்ந்ததுதான். அதை அறியாமை என்று நினைத்து நீங்கள் வாதாடினால், அடுத்த முறை அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

ஆகவே மாத்திரையிலிருந்து தொடங்குங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். அடுத்து, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலரிடமும் "பிள்ளை நல்லாப் பாத்துக்கிறான்" என்று அவர் சொல்லிவிடக்கூடும். சொன்னால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும் என்பதால், அன்று நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது.

சட்டமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கோட்டாட்சியரின் தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வழங்க உத்தரவிடலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய செட்டில்மெண்டை, மகன் பராமரிக்கத் தவறினால், 23ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யவும் வழியுண்டு. பத்திரத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் வழக்கு கடினமாகும். ஆனால் மனுவில் கையெழுத்திடுவதா என்பதை அந்த அம்மாதான் முடிவு செய்ய வேண்டும், வற்புறுத்தாதீர்கள். விவரம் கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

அதற்கு முன், மகன் மதிக்கும் தாய்மாமனோ பெரியப்பாவோ இருந்தால், முன்கட்டு வாடகையைக் குடியிருப்பவர் நேரே அம்மா கையில் கொடுக்கட்டும் என்று அவரைப் பேசச் சொல்லுங்கள். புகார் என்ற பெயர் இல்லாததால், இதற்கு அந்த அம்மாவும் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன்.